என் நிறத்தை யார் முடிவு பண்றது? ஃபோன் கேமராவுக்குள்ள நடக்கிற கதை

இது எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.

இன்னைக்கு எபிசோடுக்கு ஃபோன் கையில இருக்கணும். பஸ்ல நின்னுட்டு கேக்குறவங்க வீட்டுக்குப் போய் செஞ்சு பாருங்க. கேமராவைத் திறந்து ஒரு வெள்ளைச் சுவர் கிட்ட போங்க. ஸ்க்ரீன் முழுக்க சுவர் மட்டும் தெரியுற மாதிரி ஒரு படம் எடுங்க. அடுத்து ஒரு கறுப்பு டீ-ஷர்ட்டை விரிச்சு, அதே மாதிரி ஸ்க்ரீன் முழுக்க அது மட்டும் தெரியுற மாதிரி இன்னொரு படம். இப்ப ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சுவர் கொஞ்சம் மங்கி இருக்கும். டீ-ஷர்ட் கொஞ்சம் வெளுத்திருக்கும். ரெண்டும் நடுவுல இருக்கிற சாம்பல் நிறத்தை நோக்கி ஓடி வந்திருக்கும்.

ஏன்? கேமராவுக்கு சுவர்னா என்ன, சட்டைன்னா என்னன்னு தெரியாது. எவ்வளவு வெளிச்சம் உள்ள வருதுங்கிறது மட்டும்தான் தெரியும். ஒரு கறுப்புப் பொருள் நல்ல வெயில்ல இருக்கா, இல்ல ஒரு வெள்ளைப் பொருள் இருட்டுல இருக்கான்னு அதால பிரிச்சுப் பார்க்க முடியாது. அதனால அது ஒரு அனுமானத்தை வச்சுக்குது: உலகத்தை மொத்தமா கலக்கினா நடுத்தரச் சாம்பல் வரும். விழுற வெளிச்சத்துல தோராயமா 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புற சாம்பல். ஃபோட்டோகிராஃபர்கள் பல தலைமுறையா பையில வச்சுட்டுத் திரியுற அட்டை அதுதான், கிரே கார்டு. இப்போதைய ஃபோன்கள் இதைவிட புத்திசாலி, முகத்தை அடையாளம் கண்டுபிடிக்கும், வானத்தைக் கண்டுபிடிக்கும். ஆனா அடியில இருக்கிற பழக்கம் இதேதான். எதைப் பார்த்தாலும் நடுவுக்குக் கொண்டு வா.

இன்னைக்கு நான் பேச வந்தது இந்த 'நடு'வைப் பத்திதான். யாரோட நடு அது? நம்ம மாதிரி மாநிறமா, கறுப்பா இருக்கிறவங்களுக்கு அது என்ன பண்ணுது?

கல்யாண மண்டபக் கணக்கு

நான் கல்யாண ஃபோட்டோகிராஃபி பண்றவன். அதனால மண்டபத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். மாப்பிள்ளை நல்ல கறுப்பு. பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை. பின்னாடி தங்க நிற பேக்டிராப், அதுக்கு மேல சீரியல் லைட். கேமரா மொத்த ஃப்ரேமையும் அளக்குது. 'அடேங்கப்பா, எவ்வளவு வெள்ளை!'னு வெளிச்சத்தைக் குறைக்குது. வேட்டி அழகா மடிப்பு மடிப்பா தெரியுது. மாப்பிள்ளை முகத்துல கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரியுது.

அதே மாப்பிள்ளையைத் தனியா, ஒரு இருட்டான கதவு முன்னாடி நிக்க வச்சு, முகத்தைக் கிட்டத்துல எடுங்க. இப்ப ஃப்ரேம் முழுக்க அடர்த்தியான நிறம். கேமரா 'ஐயோ, இருட்டா இருக்கே'ன்னு வெளிச்சத்தை ஏத்துது. இப்ப முகம் சாம்பல் பூசின மாதிரி வெளுத்துப் போகுது. நெத்தியில இருந்த மினுமினுப்பு வெள்ளைத் திட்டா மாறுது.

ஒரே ஆள், ஒரே நாள், ஒரே கேமரா. ரெண்டு படத்துலயும் அவர் நிறம் இல்லை. கேமராவுக்கு யார் மேலயும் கோபம் கிடையாது. ஆனா ஒரு கணக்கை எழுதும்போது யாரை மனசுல வச்சு எழுதினோம்ங்கிறது அந்தக் கணக்குக்குள்ள தங்கிடும். இதுக்கு ஃபிலிம் காலத்துலயே ஒரு கதை இருக்கு.

ஷர்லி கார்டு

1950கள்ல கோடாக் கம்பெனி, படம் கழுவுற லேப்களுக்கு ஒரு ஃபோட்டோ அனுப்பும். ஒரு பொண்ணு, பளிச்சுன்னு கலர் டிரஸ் போட்டு உட்கார்ந்திருப்பாங்க. லேப்ல பிரிண்ட் போடுறவர் தன்னோட மெஷின்ல அந்தப் பொண்ணு சரியா வர்ற வரைக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தைத் திருகுவார். அவங்க தோல் நிறம் சரியா வந்துடுச்சுன்னா மெஷின் சரி. அந்த வேலைக்கு முதல்ல போஸ் கொடுத்தது கோடாக்ல வேலை பார்த்த ஷர்லி பேஜ்ங்கிற பெண். அப்புறம் ஆள் மாறிட்டே இருந்தாலும் பேர் மட்டும் 'ஷர்லி கார்டு'ன்னே நின்னுடுச்சு. எல்லா ஷர்லிக்கும் ஒரு பொதுவான விஷயம் உண்டு, வெள்ளைக்காரத் தோல்.

இதோட விளைவை யோசிச்சுப் பாருங்க. ஒரு ஸ்கூல் குரூப் ஃபோட்டோ. வெள்ளைக் குழந்தைங்க முகம் நல்லா வந்திருக்கும், பக்கத்துல நிக்கிற கறுப்புக் குழந்தைங்க முகத்துல விவரமே இருக்காது. அமெரிக்காவுல கறுப்பின அம்மாக்கள் இதைப் பத்திப் புகார் சொன்னாங்க. ஆனா கம்பெனியைத் தள்ளினது வேற ரெண்டு கூட்டம்னு இந்த வரலாற்றைத் தேடி எழுதின கனடா ஆய்வாளர் லோர்னா ராத் பதிவு பண்ணியிருக்காங்க. ஒண்ணு, சாக்லேட் கம்பெனிகள். டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும் விளம்பரத்துல வித்தியாசம் தெரியலைன்னு அவங்க சொன்னாங்க. இன்னொண்ணு, மர ஃபர்னிச்சர் கம்பெனிகள். தேக்கு, வால்நட்னு மரத்தோட ரேகையும் நிறமும் படத்துல தெரியலைன்னு அவங்க சொன்னாங்க. பழுப்பு நிறங்களை நல்லா காட்டுற ஃபிலிம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு. சாக்லேட்டுக்கும் மேசைக்கும் கிடைச்ச மரியாதையில கொஞ்சம் மனுஷங்களுக்கும் கிடைச்சது. 1990கள் நடுவுல பல நிறப் பெண்கள் சேர்ந்து இருக்கிற கார்டும் வந்துச்சு.

இங்க ஒரு விஷயத்தை நியாயமா சொல்லணும். எல்லாமே பாரபட்சம் இல்லை, கொஞ்சம் இயற்பியலும் இருக்கு. அடர்த்தியான நிறம் குறைவான வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். குறைவான வெளிச்சம் வந்தா படத்துல புள்ளி புள்ளியா இரைச்சல் கூடும். இதை யாராலும் மாத்த முடியாது. ஆனா எந்த முகத்தை வச்சு மெஷினைத் திருகுறதுங்கிறது இயற்பியல் கிடையாது. அது மனுஷன் எடுத்த முடிவு.

பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடியே எடுத்த படம்

சரி, ஃபிலிம் போயிடுச்சு. இப்ப ஃபோன். 'நான் ஒரு ஃபோட்டோ எடுத்தேன்'னு சொல்றோம் இல்லையா, அந்த 'ஒரு'ங்கிற வார்த்தையே இப்ப சரியில்லை.

ஃபோன் சென்சார் ரொம்பச் சின்னது. நான் கல்யாணத்துக்குக் கொண்டு போற ஃபுல் ஃப்ரேம் கேமராவோட சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். நல்ல ஃபோன்ல இருக்கிற மெயின் கேமரா சென்சார் பரப்பளவுல அதுல பத்துல ஒரு பங்கு இருந்தாலே பெரிய விஷயம். மழை பெய்யும்போது அண்டா வைக்கிறதுக்கும் டம்ளர் வைக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். அண்டா வைக்க இடம் இல்லை, அதனால ஃபோன் என்ன பண்ணுதுன்னா டம்ளரைத் திரும்பத் திரும்ப வைக்குது.

நீங்க கேமரா ஆப்பைத் திறந்த உடனேயே அது படங்களை எடுத்து எடுத்து நினைவுல வச்சுக்கிட்டே இருக்கும். 2019ல ஐஃபோன் 11 வந்தப்ப ஆப்பிள் டீப் ஃப்யூஷன்னு ஒரு வசதியை விளக்கினாங்க. மொத்தம் 9 படம். அதுல 8 படம் நீங்க பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடியே எடுத்தது. நீங்க அமுக்கினதும் எடுக்கிறது கடைசி ஒண்ணு மட்டும். 2018ல கூகுள் பிக்சல்ல வந்த நைட் சைட், கை நடுக்கத்தைப் பொறுத்து 15 படம் வரைக்கும் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கும். அடுக்கும்போது இரைச்சல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு குறையும், விவரம் தங்கும்.

இன்னும் உள்ள போனா, சென்சார்ல ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்குது. கோடாக்ல இருந்த பிரைஸ் பேயர் 1976ல பேடண்ட் வாங்கின ஏற்பாடு அது. பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். மீதி ரெண்டு நிறமும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துப் போடுற கணக்கு. அதாவது பெரும்பாலான டிஜிட்டல் கலர் படங்கள்ல மூணுல ரெண்டு பங்கு நிறம் நேரா அளந்தது இல்லை, ஊகிச்சது.

இதோட நிக்கல. ஃபோன் படத்தைத் துண்டு துண்டா பிரிக்குது. இது முகம், இது முடி, இது வானம், இது சோறு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வைத்தியம். வானத்துக்கு நீலம் கூட்டு, முகத்துக்கு வெளிச்சம் ஏத்து, இரைச்சலைத் துடை. இந்தத் துடைக்கிற வேலையில எது இரைச்சல், எது தோல்ல இருக்கிற நிஜமான ரேகைன்னு குழப்பம் வரும். இருட்டுல, அடர்த்தியான நிறத்துல இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். பாட்டி கன்னத்துல இருக்கிற சுருக்கம், அப்பா மோவாய்ல இருக்கிற அம்மைத் தழும்பு எல்லாம் துடைச்ச ஸ்லேட் மாதிரி ஆகிடும். சில ஃபோன்கள்ல இதுக்கும் மேல பியூட்டி மோடு வேற ஆன்லயே இருக்கும்.

நிலாவும் முகமும்

2023 மார்ச்ல ஒரு சோதனை இணையத்துல பெருசா பேசப்பட்டுச்சு. ஒருத்தர் நிலா படத்தை வேணும்னே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல போட்டு, தூரத்துல இருந்து சாம்சங் ஃபோன்ல படம் எடுத்தார். ஸ்க்ரீன்ல இல்லாத பள்ளம், மேடு எல்லாம் படத்துல வந்துச்சு. ஃபோன் 'இது நிலா'ன்னு கண்டுபிடிச்சு, நிலா எப்படி இருக்கும்னு தான் படிச்சு வச்சதை வச்சு விவரத்தைத் தெளிவாக்கினது. காட்சியை ஏஐ அடையாளம் கண்டு மேம்படுத்துதுன்னு சாம்சங்கும் விளக்கம் கொடுத்தாங்க.

இதுல நமக்கு என்னன்னு கேக்கலாம். நிலா எல்லாருக்கும் ஒரே நிலாதான். பூமிக்கு எப்பவும் ஒரே பக்கத்தைத்தான் காட்டுது. தப்பா நிரப்பினாலும் நிலா கோவிச்சுக்காது. முகம் அப்படி இல்லை. 'முகம்னா இப்படித்தான் இருக்கும்'னு ஒரு மெஷின் கத்துக்கிட்டு இருந்தா, யார் முகங்களைப் பார்த்துக் கத்துக்கிச்சுன்னு நாம கேட்டே ஆகணும். ஷர்லி கார்டுல கேட்ட அதே கேள்விதான்.

கம்பெனிகளும் இதைக் கொஞ்சம் கொஞ்சமா ஒத்துக்கிட்டு வர்றாங்க. கூகுள் 2020ல, பிக்சல் செல்ஃபியில முகத்தைத் திருத்துற வசதி தானா ஆன் ஆகாதுன்னு முடிவு பண்ணாங்க. 'பியூட்டி' மாதிரி மதிப்புப் போடுற வார்த்தைகளையும் தவிர்க்கிறோம்னு சொன்னாங்க. 2021ல பிக்சல் 6ல ரியல் டோன்னு ஒரு முயற்சி, பல நிறத்து ஆட்களைப் படம் எடுக்கிற கலைஞர்களோட சேர்ந்து கேமராவோட கணக்கைத் திருத்தினாங்க. 2022ல ஹார்வர்டு சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கின 10 நிற அளவுகோலை வெளியிட்டாங்க. அதுக்கு முன்னாடி பரவலா இருந்தது தோல் மருத்துவத்துக்காக வந்த ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல். அதுல மொத்தமே 6 வகைதான்.

'இது எங்க அம்மா பொண்ணு மாதிரி இல்லைண்ணா'

ஆனா பழியை முழுக்க கலிஃபோர்னியா மேல போட்டுட்டு நாம தப்பிக்க முடியாது. கடைசி அடுக்கு நம்ம ஊர்ல நடக்குது.

சில வருஷம் முன்னாடி நான் ஒரு பெரிய ஸ்டுடியோவுக்கு ஃப்ரீலான்ஸா ஷூட் பண்ணிட்டு இருந்தேன். படம் எடுக்கிறதோட என் வேலை முடிஞ்சுடும். எடிட்டிங் அவங்க டீம். அங்க ஒரு எழுதாத விதி, பொண்ணு மாப்பிள்ளை முகத்தை ரெண்டு படி ஏத்தணும். கேட்டா, 'வீட்டுக்காரங்க கேக்குறாங்க சார், நாங்க என்ன பண்றது'ன்னு பதில் வரும். பொய்யும் இல்லை, நிறைய வீட்டுல கேக்கத்தான் செய்வாங்க.

ஒரு கல்யாணம். ஆல்பம் போன மறுநாள் அந்தப் பொண்ணு எனக்கு ஃபோன் பண்ணாங்க. கோபமா பேசல. 'அண்ணா, ஆல்பத்துல எங்க அம்மா அவங்க நிறத்துலயே இருக்காங்க. என்னை மட்டும் வெளுப்பாக்கிட்டாங்க. சின்ன வயசுல இருந்து எல்லாரும் சொல்வாங்க, அப்படியே அம்மா ஜாடைன்னு. இந்தப் படத்துல நான் எங்க அம்மா பொண்ணு மாதிரியே இல்லைண்ணா'ன்னாங்க. ஒரிஜினல் ஃபைல் என் கார்டுல இருந்துச்சு. அதுல இருந்து நாலு படத்தை அவங்க நிறத்துலயே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

அழகு, தன்னம்பிக்கைன்னு இந்த விஷயத்தை நாம பேசிட்டு விட்டுடுறோம். அந்தப் பொண்ணு பேசினது அதைப் பத்தி இல்லை. ஜாடை. ஒரு குடும்பத்துல நிறம், மூக்கு, நெத்தி எல்லாம் கைமாறி வர்ற சொத்து. இன்னும் முப்பது வருஷம் கழிச்சு ஒரு பேரப்பிள்ளை ஆல்பத்தைத் திறந்து, 'நான் யார் மாதிரி?'ன்னு தேடும். அப்ப ஆல்பம் உண்மையைச் சொல்லணும்.

சரி, நாம என்ன பண்ணலாம்?

இதுக்கு லட்ச ரூபாய் கேமரா வேண்டாம். ஃபோன் தானா எடுக்கிற முடிவுகளை ஒவ்வொண்ணா நம்ம கைக்கு வாங்கணும். அவ்வளவுதான்.

முதல்ல வெளிச்சம். எழும்பூர் அருங்காட்சியகத்துல சோழர் கால வெண்கலச் சிலைகள் இருக்கு, ஒரு நாள் போய்ப் பாருங்க. அடர்ந்த நிறம், ஆனா தோள், இடுப்பு, விரல்னு ஒவ்வொரு வளைவும் தெரியும். எப்படி? வெளிச்சம் பக்கவாட்டுல பட்டு, விளிம்புல மினுங்குறதால. அடர்ந்த நிறத்துல உருவத்தைக் காட்டுறது இந்த மினுமினுப்புதான். ஃபோன் ஃப்ளாஷை நேரா அடிச்சா இது செத்துடும், முகம் தட்டையாகி நெத்தியில ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் மிஞ்சும். அதனால ஃப்ளாஷை ஆஃப் பண்ணுங்க. ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டுல நிக்க வைங்க. வெயில் நேரா விழாத ஜன்னல்னா இன்னும் நல்லது. நம்ம சினிமாவுல பாலு மகேந்திரா இயற்கை ஒளிக்குப் பேர் போனவர். 1988ல வந்த 'வீடு' படத்துல அர்ச்சனா முகத்துல வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு மட்டும் ஒரு தடவை கவனிச்சுப் பாருங்க. அது ஒரு பாடம்.

ரெண்டாவது, எக்ஸ்போஷர். ஸ்க்ரீன்ல முகத்து மேல விரலை வச்சு அழுத்திப் பிடிங்க. பெரும்பாலான ஃபோன்ல அந்த இடத்துல ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கும், பக்கத்துல சூரியன் மாதிரி ஒரு குறி வரும். அதை மேல கீழ இழுக்கலாம். வெள்ளைச் சட்டை, பின்னாடி வெளிச்சம்னா கொஞ்சம் மேல. இருட்டான பின்னணியில முகம் மட்டும்னா கொஞ்சம் கீழ. எங்க நிறுத்துறது? நெத்தி, மூக்கு நுனி மினுமினுப்பு வெள்ளையா வெடிக்காம, கன்னத்தோட நிறம் நேர்ல பார்க்கிற மாதிரி தெரியுற இடத்துல.

மூணாவது, கலப்பு வெளிச்சம். ஒரு பக்கம் வெள்ளை ட்யூப்லைட், இன்னொரு பக்கம் மஞ்சள் பல்ப் இருந்தா கேமரா எதை வெள்ளைன்னு எடுத்துக்கும்? குழம்பிடும். பழுப்புத் தோல் பச்சையாவோ சாம்பலாவோ போறது பெரும்பாலும் இதனாலதான். ஒண்ணை அணைச்சுடுங்க.

நாலாவது, செட்டிங்ஸ். பியூட்டி, ஃபேஸ், ஸ்மூத்னு எந்தப் பேர்ல இருந்தாலும் தேடிப் பிடிச்சு பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்க. உங்க ஃபோன்ல ப்ரோ மோடோ, ரா ஃபைல் வசதியோ இருந்தா முக்கியமான படங்களை அதுலயும் ஒண்ணு எடுத்து வைங்க. ரா ஃபைல் முழு உண்மை இல்லை, அதுலயும் ஊகம் உண்டு. ஆனா பெரும்பாலான முடிவுகளை உங்களுக்காக மிச்சம் வைக்கும்.

அஞ்சாவதுதான் கஷ்டமானது. எடிட் பண்ணும்போது ஆளைப் பக்கத்துல உட்கார வச்சுக்கோங்க. முடியலைன்னா அவங்க கை தெரியுற படம் ஒண்ணையாவது ஸ்க்ரீன்ல பக்கத்துல வைங்க. ஆப்கள் முகத்தைத்தான் தேடிப் பிடிச்சு மாத்தும், கையைப் பெரும்பாலும் விட்டுடும். முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம்னு இருந்தா யாரோ இடையில முடிவு எடுத்திருக்காங்கன்னு அர்த்தம். கல்யாண ஆல்பத்துல இதை இப்பவே தேடிப் பாருங்க, நிறைய வீட்டுல கிடைக்கும்.

உங்க வீட்டுல கல்யாணம் வருதுன்னா, ஃபோட்டோகிராஃபர் கிட்ட அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஒரு வரி சொல்லிடுங்க: 'நிறத்தை மாத்த வேண்டாம், வெளிச்சத்தை மட்டும் சரி பண்ணிக்கோங்க.' நாங்க பாதிப் பேர் அந்த வரிக்காகத்தான் காத்திருக்கோம். அப்புறம், வீட்டுல வயசானவங்க யாராவது இருந்தா, இந்த வாரமே ஜன்னல் பக்கம் உட்கார வச்சு ஒரு படம் எடுங்க. சுருக்கம், தழும்பு, நிறம் எதையும் தொடாதீங்க. முடிஞ்சா பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பேரும் தேதியும் எழுதி வைங்க.

அடுத்த வாரம் பார்ப்போம். வணக்கம்.